மீதி

மின்விசிறியை அப்பாவின் கட்டிலிலிருந்து கம்ப்யூட்டர் பக்கம் அவள் திருப்பியதும் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மனுஷன் மூச்சுக்குத் தவிக்கிறாரு. நீ மெஷினுக்கு விசிறிவிடுறியா?"

"அவர்தான் சொன்னாரு. சூடானா நின்னுடுமாம்."

கண்ணை மூடியபடியே அப்பா தலையசைத்தார். இனி ஊசி வேண்டாம் என்று டாக்டர் நேற்றே சொல்லிவிட்டார்.

கல்லூரியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்கு ஒரே ஒரு எண்தான். இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றைக் கழித்தால் வருவது. எழுத இந்த வீட்டுச் சுவரெல்லாம் போதாது. அது பகா எண்தானா என்று மெஷின் மாதக்கணக்கில் சோதித்துக்கொண்டிருந்தது. ஒரு சின்ன எண்ணை வர்க்கமாக்கி, இரண்டைக் கழித்து, அந்தப் பெரிய எண்ணால் வகுக்க வேண்டும். வரும் மீதியை வைத்து மறுபடியும் அதே வேலை. கடைசி மீதி பூஜ்யமானால் பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் வகுபடாதது.

"என் கல்யாணத்துக்கே அதுகிட்ட பர்மிஷன் கேட்டுட்டுத்தான் வந்தாரு" என்பான் அண்ணன். அப்பாவோடு அவன் பேசுவது அநேகமாக நின்றுபோயிருந்தது.

மதியம் சோதனை முடிந்தது. திரையில் பூஜ்யம் இல்லை. மீதி என்று எண்ணும் எழுத்துமாக ஏதோ ஒரு கொத்து.

அண்ணன் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். "பூஜ்யம்னே சொல்லிடு" என்றான் மெதுவாக. "சந்தோஷமாப் போகட்டும்."

அவளும் அதையேதான் நினைத்திருந்தாள்.

"மீதி?" என்றார் அப்பா.

வாயைத் திறந்தாள். பொய் வரவில்லை. "பூஜ்யம் இல்லப்பா."

அண்ணன் முறைத்தான். அப்பாவின் நெஞ்சு குலுங்கியது. இருமல் என்று அவள் தண்ணீரை எடுத்தாள். இருமல் இல்லை; சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பாடா. விட்டுது."

"வருத்தமா இல்லையாப்பா?"

"அதை ஏதோ ஒண்ணு வகுக்குது. எதுன்னு இந்தச் சோதனை சொல்லாது. ஆனா இருக்கு. சந்தேகமே இல்ல." மூச்சு வாங்கினார். "இத்தனை வருஷமா அது தனியா நிக்குதுன்னே நெனச்சுட்டிருந்தேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மெஷினை நிறுத்தித் தொலை. என்னா சத்தம்!" என்றார்.

அண்ணன்தான் போய் நிறுத்தினான். திரும்பி வந்தவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அமைதியான அறையில் அவருடைய மூச்சு விட்டுவிட்டுக் கேட்டது. மாலைக்குள் அதுவும் நின்றது. அண்ணன் கையை விலக்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் அடக்கம் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, அண்ணன் குளித்துவிட்டு ஈரத் தலையோடு சமையலறைக்கு வந்தான்.

"சாப்பிட ஏதாவது இருக்கா?"

அப்போதுதான் அவளுக்கும் பசித்தது. நின்றபடியே இருவரும் ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். வெளியே யாரோ பாட்டைச் சத்தமாக வைத்துக் கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலை யாரும் மூடவில்லை.