தூசிக்குக் கட்டிய மீன்வலை

புளியந்தீவில் பக்கத்து வீட்டை உடைக்கத் தொடங்கிய நாளிலிருந்தே டல்சிக்கு அந்த வேலையை எடுத்திருந்த நிலோஜனைக் கண்ணில் காட்டக்கூடாது. கொந்தராத்துக்காரன் என்றால் கையில் அளவுநாடாவாவது இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அவன் கையில் இரண்டு போன்கள்தான் இருந்தன. வெள்ளைச் சப்பாத்தில் ஒரு பொட்டுத் தூசி கிடையாது. தூசி முழுவதும் அவள் வீட்டுக்குத்தான் வந்தது.

வாவிப் பக்கம் காற்று எழும்பினால் போதும். சுண்ணாம்பும் செங்கல் பொடியும் யன்னல் இடுக்கால் நுழைந்து கட்டில், சோற்றுப்பானை என்று எல்லாவற்றிலும் படிந்தன. அவள் கணவர் ஹேர்பர்ட்டுக்கு ஏற்கெனவே மூச்சு இழுக்கும் தொய்வு வருத்தம். இடிக்க வந்த பெக்கோ மெஷினின் இரும்புக்கை சுவரில் மோதும்போதெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

டல்சி மதிலடிக்குப் போனாள். "தம்பி, இந்தப் பக்கம் மறைப்புக் கட்டுங்க. உடைக்க முதல் சுவருக்குத் தண்ணி அடிங்க. பகல்ல அவர் படுக்கிற நேரம் மெஷினை நிப்பாட்டுங்க."

"நாளைக்கே செய்து தாறன் அன்ரி. யோசியாதிங்க."

செய்தான். போகிறவர் வருகிறவர் பார்க்கும் தெருப்பக்கத்தில் புத்தம்புதிய பச்சை வலை. டல்சியின் பக்கம் ஒரு பழைய மீன்வலை. இரண்டு விரல் நுழையும் கண்கள். ஓரத்தில் காய்ந்த நண்டுக்கால் வேறு. தண்ணீருக்கு ஒரு வாளி. கோயிலில் தீர்த்தம் தெளிப்பதுபோல ஒருவன் கையால் தெளித்துவிட்டுப் போனான். பகலில் மெஷின் நின்றது உண்மைதான். அந்த நேரம் நிலோஜன் தன் வான் வண்டியின் கதவுகளைத் திறந்துவைத்து, பாட்டை அலறவிட்டபடி சாப்பிட்டான்.

"தூசி என்ன திரளி மீனா, வலையில மாட்ட?" என்று கேட்டாள் டல்சி.

"வாவிக்குப் பக்கத்தில வீடு இருந்தா காத்து வரும்தானே அன்ரி" என்று சிரித்தான்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் எதிரில் ஒரு ஆள் இருக்கவேண்டும்.

அன்று பின்னேரம் ஹேர்பர்ட்டின் உதடு நீலம் பாரித்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடி, முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை கொடுத்த பிறகுதான் மூச்சு திரும்பியது. அவரை வாட்டிலேயே படுக்கவைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை டல்சி ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் பெக்கோவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். அதை ஓட்டும் அசனார் உடனே எஞ்சினை அணைத்தார். "அவ எழும்பும் மட்டும் நான் தொடமாட்டன்" என்று நிலோஜனிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

"அன்ரி, ஒண்டு நடந்தா எனக்குத்தான் கரைச்சல்."

"ஓம். அதுக்குத்தான் இருக்கிறன்."

கெஞ்சினான். பொலிஸைக் கூப்பிடுவேன் என்றான். "கூப்பிடுங்க, அவங்களும் வந்து வலையைப் பாக்கட்டும்" என்றாள். கடைசியில், சுவிஸில் இருக்கும் வீட்டுக்காரன் ஜொய்சனை வீடியோவில் எடுத்து, "இவ வேலையைக் குழப்புறா அண்ணன்" என்று போனை அவளிடம் நீட்டினான்.

டல்சி போனை வாங்கி மீன்வலைப் பக்கம் திருப்பினாள்.

"நிலோஜன், நாலு பக்கமும் பச்சை வலை கட்டியாச்சு எண்டுதானே படம் அனுப்பினீங்க?" என்றான் ஜொய்சன்.

"அது… முன்பக்கம் அண்ணன்."

"அப்ப மற்றப் பக்கங்கள்ல ஆக்கள் இல்லையா? பச்சை வலையும் தண்ணிப் பவுசரும் வரும் மட்டும் ஒரு கல்லும் விழப்படாது."

மத்தியானத்துக்குப் பிறகு இரண்டும் வந்தன. கடைசிக் கயிறு கட்டி முடியும்வரை டல்சி கதிரையைவிட்டு எழும்பவில்லை. நனைந்த சுவர் புழுதி கிளப்பாமல் சரிந்தது. இவ்வளவுதான் வேலை. இதற்கு ஒரு மனிதன் மூச்சுத் திணறவேண்டி இருந்தது.

ஹேர்பர்ட் வீடு திரும்பியதும் நிலோஜன் ஒரு பை அப்பிளோடு வந்தான். "இப்ப திருப்தி எண்டு ஜொய்சன் அண்ணனுக்கு ஒரு வொய்ஸ் போட்டு விடுங்களன் அன்ரி."

"செய்யவேண்டிய வேலையைச் செய்ததுக்கு என்னட்டச் சான்றிதழ் கேக்க வந்தீங்களா?"

பையை அவன் கையிலேயே விட்டுப் படலையைச் சாத்தினாள்.

"பாவம் டல்சி, வீடு தேடி வந்த பொடியன்" என்றார் ஹேர்பர்ட்.

"பாவம் பாக்கிறதெண்டா உங்கட நெஞ்சைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, யன்னல் திரைகளைக் கழற்றித் துவைக்கப் போட்டாள்.