இரண்டு சீட்டு ஒட்டிய போர்வை

வீட்டைக் காலி செய்து கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. மணிக்கட்டில் வளையல் மாதிரி எப்போதும் ஒரு டேப் சுருள் கிடக்கும். அதனால் எல்லோருக்கும் அவள் டேப்பக்கா. வண்டி ஓட்டுவது அவள் புருஷன். நல்ல மனுஷன்தான், அதுதான் பிரச்சினையே. என்ன கேட்டாலும் "உன் இஷ்டம்" என்பான். போன வாரம் பொறுக்கமாட்டாமல், "நான் அக்கா வீட்டுக்கே போயிடறேன்" என்றாள். அதற்கும் "உன் இஷ்டம்." இன்று சாயங்கால பஸ்ஸுக்கு அவள் பை வண்டியின் முன்சீட்டில் தயாராக இருந்தது. போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயா தேய்ந்துவிடும்?

இன்று காலி செய்யவேண்டியது ஸ்பானிஷ் பேசும் ஒரு தம்பதியின் வீடு. பிரிந்துபோகிறார்கள். ஆளுக்கொரு லாரி, பொருளுக்கு இரண்டு சீட்டு: மஞ்சளில் மனைவி எழுதியிருந்தாள், பச்சையில் கணவன். சூப்பர்வைசர் அர்த்தம் சொல்லி அனுப்பியிருந்தார். மீயோ என்றால் என்னுடையது. துயோ என்றால் உன்னுடையது. நுவெஸ்த்ரோ என்றால் நம்முடையது. அது எந்தச் சீட்டிலும் இல்லை. ஒருவர் மீயோ என்று எழுதி, மற்றவர் துயோ என்று எழுதியிருந்தால் சிக்கலில்லை. மீயோ எழுதியவருடைய லாரியில் ஏற்றவேண்டியதுதான்.

மதிய வெயில் தரையில் நீண்டு படுத்திருந்தது. சீட்டுகள் காற்றில் படபடத்தன. மீயோ, துயோ என்று வாய்க்குள் உருட்டிக்கொண்டே கண்ணாடித் தம்ளர்களைக் காகிதத்தில் சுற்றினாள். சுற்றச் சுற்ற அரைத்தூக்கம் போல ஒன்று வந்து கவிந்தது. அந்தச் சுவர்கள் விலகி, அவள் வீடே எதிரில் வந்து நின்றது. கட்டில், குக்கர், கால் ஆடும் மேசை எல்லாம் வரிசையாக நின்று, "நான் யாருது? நான் யாருது?" என்று கேட்டன. எழுதக் கை வரவில்லை. வரிசையின் கடைசியில் அவள் புருஷனும் நின்றான், சீட்டே இல்லாமல்.

திடுக்கிட்டு எழுந்து படுக்கையறைக்குப் போனாள். அங்கே ஒரு கம்பளிப் போர்வை. இரண்டு சீட்டிலும் துயோ.

"ஏங்க, இதை எதுல ஏத்தறது? ரெண்டு பேருமே உனக்குத்தான்னு எழுதியிருக்காங்க."

"அவங்களையே கேட்டுடு. நாம எதுக்கு வம்புல மாட்டிக்கணும்?"

அந்தத் தம்பதி ஆளுக்கொரு அறையில் இருந்தார்கள்; இரண்டு கதவையும் தட்டினாள். இருவரும் வந்து போர்வையைப் பார்த்தார்கள். "துயோ" என்றாள் மனைவி, மரியாதையாக. "துயோ" என்றார் கணவர், அதைவிட மரியாதையாக. பிறகு அவரவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். போர்வை வெறும் தரையில் கிடந்தது. டேப்பக்கா குனிந்து அதை எடுத்து மடித்தாள். அடப்பாவிகளா, ஒருத்தராவது எனக்கு வேணும்னு பிடிச்சு இழுக்கக்கூடாதா! வாசலில் நின்று புருஷனும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். சூப்பர்வைசர் போனில் சொன்னபடி, கடைசியில் போர்வை குப்பை மூட்டையோடு போனது.

பஸ் நிறுத்தத்தில் அவன் வண்டியை நிறுத்தினான். பையை அவனே இறக்கினான். பஸ்ஸும் வந்துவிட்டது.

"குடுங்க."

அவன் பிடியை விடவில்லை.

"விடுங்க, பஸ் போயிடும்."

"மாட்டேன்."

"என்னது?"

"விடமாட்டேன். நீ போகக்கூடாது. எனக்கு நீ வேணும்."

"ஏம்மா, ஏறறீங்களா இல்லையா?" என்று கண்டக்டர் கத்தினார். அவள் திரும்பியே பார்க்கவில்லை. பையின் ஒரு காதை அவன் இழுக்க, மறு காதை அவள் இழுத்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"இன்னும் கெட்டியாப் பிடிங்க" என்றாள்.