புரட்டலும் புரட்டும்

கடற்பாலம் கடந்து சிங்கப்பூர்ப் பணிக்கு விரையும் ஈருருளிகளும், மாணவரைச் சுமந்த பேருந்துகளும், பெக்கான் நானாசிலிருந்து அன்னாசி ஏற்றி மணம் பரப்பி வரும் சரக்குந்துகளும் ஒன்றையொன்று உரசாத குறையாக ஊர்ந்து செல்லும் ஸ்கூடாய் நகரின் நெடுஞ்சாலையோரத்தே, இளங்கதிர் படர்ந்த வெண்சுவரும் நீலச் சாளரங்களும் கொண்டு நின்றது ஒரு முதியோர் பேணகம். பன்னிரு படுக்கைகளே கொண்ட சிறு மனை அது. நற்றமிழ் நுகரும் அன்பரே, அரசர் மாளிகையையும் அணங்கின் நடையையும் புனைந்துரைக்கவே செந்தமிழ் பிறந்ததென்று எவரேனும் உம்மிடம் கூறியிருப்பின் அவரை விட்டுத்தள்ளும். யான் இன்று புனைந்துரைக்கப் புகுவது ஒரு கிழவரின் இடுப்பை.

அக்கிழவர் வீரமுத்து. நாற்பதாண்டு அன்னாசிக் காட்டில் உழைத்து, பக்கவாதத்தால் இடப்பக்கம் உணர்விழந்து படுக்கையில் விழுந்தவர். நாவை மட்டும் அந்நோய் நெருங்கவில்லை. அசைய மாட்டாத உடல் ஒரே பக்கம் நெடிது கிடந்தால், எலும்பு அழுத்தக் குருதியோட்டம் நின்று தோல் சிவந்து, சிவப்பு புண்ணாகி, புண் எலும்பு வரை குழிபறிக்கும். உணர்வற்ற பக்கமோ வலிக்கிறதென்று ஒரு சொல்லும் சொல்லாது. ஆதலின் இரண்டு மணிக்கொருமுறை அவரைப் பக்கம் மாற்றிக் கிடத்தி, கட்டிற் காலில் தொங்கும் தாளில் அந்த மணிக்குரிய கட்டத்தில் கோடிட வேண்டும் என்பது அம்மனையின் நெறி. ஒரு பக்கம் திருப்பினால் சாளரமும் சாலையும். மறுபக்கம் திருப்பினால் வெறுஞ்சுவர். சாளரப் பக்கம் வாய்க்கும் இரண்டு மணிப்பொழுதில் அன்னாசிச் சரக்குந்துகளை எண்ணுவதே அவர் வாழ்வின் பேரின்பம். ஒன்பது, மிஞ்சினால் பத்துத் தேறும்.

“ஆளைத் திருப்பிப் போடுறதும் பெரட்டு, ஊரை ஏமாத்துறதும் பெரட்டு. நம்ம பாஷையில ரெண்டுக்கும் ஒரே பேரு மிஸ்ஸி, பாத்துக்கங்க,” என்று செவிலியரைச் சீண்டுவார். மிஸ்ஸி என்பது அவ்வூரார் செவிலியரை விளிக்கும் பெயர்.

அங்ஙனம் சீண்டப்பட்டவருள் ஐலீன் ஒருத்தி. ஓட்டுநர் கிரகோரியின் மகள். ஓராண்டுச் செவிலிப் பயிற்சியின் இறுதி நாட்களில் இருந்தாள். திங்களன்று தலைமைச் செவிலி வாசுகி கையொப்பமிட்டால் பயிற்சி நிறைவுறும்; பண்டார் தெங்காராவின் மருத்துவமனையொன்றில் அவளுக்கென ஓர் இடம் காத்திருந்தது. அருமருந்துகள் தோன்றாத காலத்தே, கை கழுவியும் காற்று வரச் சாளரம் திறந்தும் கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்தும் உயிர்காத்த பெண்டிரால் எழுந்தது இத்தொழில் என்று அவள் பாடநூல் பகர்ந்தது. எழுதாத பணி செய்யாத பணி என்ற விதியை அவள் நெஞ்சில் பதித்திருந்தாள். அவ்விதியைத் தலைகீழாய்த் திருப்பிப் பார்க்க மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. எழுதிவிட்டால் செய்ததாகி விடாது அல்லவா? காலையில் பணியேற்றதுமே அன்றைய கட்டங்கள் அனைத்திலும் அழகழகாய்க் கோடிட்டுவிட்டு, பின்னர் ஒவ்வொன்றாய்ச் செய்துமுடிப்பது அவள் பழக்கம். ஓராண்டாய் ஒன்றும் தவறியதில்லை. அதனாலேயே அப்பழக்கம் தீதென்று அவள் அறிந்திலள்.

வெள்ளியன்று தவறியது. பத்து மணிக்கு வீரமுத்துவைச் சாளரம் நோக்கிக் கிடத்தினாள். பன்னிரண்டு மணிக்கு அடுத்த அறை மூதாட்டி ஒருவருக்குக் கஞ்சி புரையேறி மூச்சுத் திணற, ஓடிச் சென்று முதுகில் தட்டி உயிர் மீட்டாள். பாராட்டத்தக்க செயல்தான், மறுப்பாரில்லை. மீண்டு வந்து தாளை நோக்கினாள். பன்னிரண்டு மணிக் கட்டத்தில் தன் கோடு இருக்கக் கண்டு, பக்கம் மாற்றிவிட்டதாகவே நம்பி அடுத்த வேலைக்குச் சென்றாள். தன் பொய்யில் தானே ஏமாந்தாள் அப்பேதை. இரண்டு மணிக்குப் பணியேற்ற சபாபதி என்னும் பணியாளர், அம்மூதாட்டியை மருத்துவமனை வண்டியில் ஏற்றியனுப்பும் அலைச்சலில் சிக்கி, மூன்று மணிக்குத்தான் கிழவரைப் பக்கம் மாற்றினார். மாற்றியவர் இரண்டு மணிக் கட்டத்தை வெறுமையாகவே விட்டு, மூன்று என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

மறுநாட் காலை கிழவரின் மகள் தனலெட்சுமி, சிங்கப்பூரில் பணிபுரிபவள், தந்தையைத் துடைத்துவிட வந்தாள். இட இடுப்பில் உள்ளங்கையளவு சிவப்பு. வாசுகி விரலால் அழுத்திப் பார்த்தாள். நலமான தோலாயின் அழுத்த வெளுக்கும், இது வெளுக்கவில்லை. தாளை எடுத்தாள். காலைக் கோடுகள் குறைவின்றி நிற்க, வெறுமையாய்க் கிடந்தது சபாபதியின் கட்டம் ஒன்றே. அவரை அழைத்துக் கேட்டாள்.

“சபாபதி, ஏற்கெனவே உங்களுக்கு ஒரு வார்னிங் லெட்டர் இருக்கு. இன்னொண்ணு போனா வேலை போயிரும்னு தெரியும்ல?”

“தெரியும் சிஸ்டர். ஒரு மணி நேரம் லேட்டு, என் தப்புதான்,” என்றார் சபாபதி. மூன்று பிள்ளைகளின் தந்தை அவர். தாள் சொல்வதை அவரே நம்பிவிட்டார்.

படுக்கையிலிருந்து கிழவர் மகளைத் தேற்றினார். “அழுவாத தனம். நேத்து எனக்கு நல்ல நாளு. இருபத்திமூணு லோரி எண்ணுனேன்.”

எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை, போர்வையை மடித்துக்கொண்டிருந்த ஐலீனைத் தவிர. இருபத்துமூன்று! இரண்டு மணிப்பொழுதில் பத்துக்கு மேல் என்றும் தேறாதே. பத்து மணி தொடங்கி மூன்று மணி வரை ஐந்து மணிப்பொழுது கிழவர் சாளரம் நோக்கியே கிடந்திருக்கிறார். சுவரைப் பார்க்க விரும்பாமல் வாயையும் மூடிக்கொண்டிருந்திருக்கிறார், அக்கள்ளர். நண்பகலில் அவரைத் தன் கைகள் தொடவேயில்லை என்பது அவளுக்கு அப்போது தெளிவாய் விளங்கிற்று. அவ்வறையில் இதனை அறிந்தவள் அவள் ஒருத்தியே. வாய் திறவாதிருந்தால் திங்களன்று கையொப்பம், அடுத்த மாதத்தில் ஊதியம். உண்மையெழுதியவர் குற்றவாளியாய் நிற்க, பொய்யெழுதியவள் தூயவளாய் நின்றாள். அந்நிலை அவளுக்கு ஒரு நொடியும் பொறுக்கவில்லை.

“சிஸ்டர், பன்னெண்டு மணிக்கு நான் தாத்தாவைப் பெரட்டல. கோடு மட்டும் காலையிலேயே போட்டுட்டேன். சபாபதி அண்ணன் மேல தப்பில்ல.”

வாசுகி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். “என்ன சொல்றேன்னு தெரிஞ்சுதான் சொல்றியா? திங்கக்கிழமை உன் பேப்பர் எங்கிட்டதான்லா வருது.”

“தெரியும் சிஸ்டர்.”

கையொப்பம் கிடைக்கவில்லை. மூன்று மாதம் மீண்டும் பயில வேண்டுமென்று வாசுகி எழுதினாள். பண்டார் தெங்காராவின் இடம் வேறொருத்திக்குப் போயிற்று. சபாபதியின் வேலை நிலைத்தது. தன் தந்தையை இனி இவள் தொடலாகாது என்று தனலெட்சுமி கூற, அதற்கு மட்டும் கிழவர் இசையவில்லை.

“இந்தப் புள்ளயே இருக்கட்டும். தன் பெரட்டைத் தானே சொல்லிட்டா. என்னையும் ஒழுங்காப் பெரட்டுவா.”

திங்களன்று நண்பகல். கையொப்பம் பெற்று விடைபெற வேண்டிய நாளில், ஐலீன் நிமிர்ந்த தலையோடு கிழவரின் படுக்கையருகே வந்தாள். “இன்னும் ஒரே ஒரு லோரி மிஸ்ஸி,” என்று அவர் கெஞ்ச, “பன்னெண்டு ஆச்சு தாத்தா,” என்று கூறி, தோளிலும் இடுப்பிலும் கைகொடுத்து அவரைச் சுவர் நோக்கித் திருப்பினாள். சுவரில் அன்று காலை அவள் மாட்டிய ஓர் அகன்ற கண்ணாடி இருந்தது. சாளரமும் சாலையும் அதனுள் தெரிந்தன.

கிழவர் நெடுநேரம் அதனையே பார்த்துக் கிடந்தார். பின்பு மெல்லச் சொன்னார்: “இந்தக் கண்ணாடியும் பெரட்டுதான் மிஸ்ஸி. லோரியெல்லாம் பெக்கான் நானாசுக்கே திரும்பிப் போவுது.”

ஐலீன் நகைத்தாள், கண்ணும் கலங்கினாள். குனிந்து அவர் இடுப்பின் சிவப்பை விரலால் அழுத்தினாள். சற்றே வெளுத்து மீண்டது தோல். தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்து, கால்களுக்கிடையே துணி மடித்து வைத்து, போர்வையைச் சீர்செய்தாள். அனைத்தும் முடிந்த பின்னரே எழுதுகோலை எடுத்தாள். பன்னிரண்டு மணிக் கட்டம் அதுகாறும் வெறுமையாகவே இருந்தது.