இடது கோடி எட்டு

1

இந்தக் கதை ஒரு திருகாணியைத் தேடியதில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சர்க்கரை அளக்கும் கையடக்கக் கருவியொன்று என் வீட்டில் இருந்தது. ஒருநாள் காலை அது கண்ணை மூடிக்கொண்டது. மின்கலத்தை மாற்றலாம் என்று புரட்டிப் பார்த்தேன். மூடி இல்லை, திருகாணி இல்லை, நகம் நுழையும் அளவுக்குக்கூட இடுக்கு இல்லை. எண் தெரியும் திரைக்கும் அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்குக்கும் நடுவே ஒரு கோடுகூடத் தென்படவில்லை. உடன் வந்த குறிப்புத்தாளைப் படித்தேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்பதால் எண்ணிவிட்டேன்: எட்டு வாக்கியங்கள், பதினொரு பிழைகள். திறக்கும் வழி மட்டும் இல்லை.

என் மனைவியின் தங்கை அன்று வீட்டுக்கு வந்திருந்தாள். இத்தகைய கருவிகளுக்குக் கூடு வார்க்கும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்பவள். நான் கத்திமுனையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துச் சிரித்தாள்.

"விடுங்க அத்தான். அதைத் திறக்க முடியாது. திறக்க முடியாத மாதிரிதான் நாங்க பண்றோம்."

"எதுக்கு அப்படிப் பண்றீங்க?"

"தண்ணி போகாது, தூசி போகாது. உங்க கத்தியும் போகாது." கத்தியை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, "போன மாசம் எங்க லைன்ல நடந்த கூத்தக் கேட்டா, நீங்க அதைக் கையால தொடவே மாட்டீங்க" என்றாள்.

கேட்டேன். அன்று மாலையே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "அவள் ஒரு கொடுமைக்கார மாமியார். மருமகளின் வேலைக்கு உலை வைக்கும் நாளை எதிர்பார்த்து அவள்"

(நிறுத்திவிட்டேன். காரணம் நான்காம் பகுதியில் உள்ளது.)

இரண்டாம் தொடக்கம்: "இயந்திரங்களின் பேரிரைச்சலுக்கு நடுவே ஒரு தாயுள்ளம் விம்மிக்"

(இதை எழுதியதும் என் கைதான் என்பதை மறைக்க விரும்பவில்லை. கதை எழுத உட்கார்ந்தால் யாருக்கும் இப்படியொரு வியாதி வந்துவிடுகிறது.)

மூன்றாம் தொடக்கம் அடுத்த பகுதி. அலங்காரம் எதுவும் செய்யாமல், வேலையிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

3

உடன் வேலை செய்வோர் என் மனைவியின் தங்கையை மோல்டக்கா என்று அழைப்பார்கள்.*

அவளுடைய இயந்திரத்தில் இருந்த மோல்டு, அதாவது வார்ப்பு அச்சு, இரும்பாலான இரண்டு பாதிகள். ஒரு பாதியில் குழி இருக்கும். உறிஞ்சிப் பிடிக்கும் கைப்பிடியால் கண்ணாடித் திரையை எடுத்து, அந்தக் குழியில் மயிரிழை பிசகாமல் வைப்பாள். அச்சு மூடும். உருகிய பிளாஸ்டிக் இடது ஓரத்துத் துளை வழியே பாய்ந்து, திரையைச் சுற்றி ஓடி இறுகும். இருபது விநாடி. அச்சு திறக்கும்போது திரையும் கூடும் ஒரே உடம்பாக வெளியே வரும்.

அதை வாங்குபவள் அடுத்த மேசையில் இருந்த அவளுடைய மருமகள். மேசையில் மின்சாரம் வரும் இரண்டு முட்கள் இருந்தன. அவற்றின்மேல் வைத்தால் திரையில் 888 தெரிய வேண்டும். தெரிந்தால் முத்திரை குத்திப் பெட்டியில் அடுக்குவாள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் பொறித்த முத்திரை உண்டு. யார் பார்த்துச் சரி என்று விட்டது என்பது கூட்டின் முதுகிலேயே இருக்கும்.

முன்பெல்லாம் ஒரு மணி நேரம் ஆறவைத்த பிறகே சோதிப்பார்கள். ஆறவைக்கும் தட்டுகள் இடத்தை அடைக்கின்றன என்று, இது நடப்பதற்கு ஐந்து நாள் முன்புதான் மேற்பார்வையாளர் அதை நிறுத்தினார். 'வெளியே வந்த ஒரு நிமிடத்துக்குள் சோதிக்கவும்' என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

மருமகள் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகவிருந்தது. நிரந்தரமாவதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. மாமியாரும் மருமகளும் பேசி மூன்று வாரம் ஆகியிருந்தது. மகனும் மருமகளும் தனிக்குடித்தனம் போக வீடு பார்த்த செய்தி, பக்கத்து வீட்டுக்காரி வாய்வழியாக மோல்டக்காவின் காதுக்கு வந்திருந்தது. அன்றிலிருந்து "சாப்பாடு இருக்கு" என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்கள். ஒரே வீட்டில் இருந்து கிளம்பி, ஒரே பேருந்தில் முன்னும் பின்னுமாக ஏறி, பக்கத்துப் பக்கத்து மேசையில் எட்டு மணி நேரம் வாய் திறக்காமல் வேலை பார்ப்பதென்பது சாமானியமா? தொழிற்சாலை முழுவதும் வேடிக்கை பார்த்தது.

அன்று வியாழக்கிழமை. அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை நேரத்தின் முதல் உருப்படியைச் சன்னலோரம் வைத்துவிடுவார்கள். நிறமும் வடிவமும் மாறாமல் வருகின்றனவா என்று அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. பிற்பகல் தேநீர் இடைவேளையில் மருமகள் எழுந்து போனதும், மோல்டக்கா அந்த முதல் உருப்படியை எடுத்துப் போய்ச் சோதனை மேசையின் முட்களில் வைத்தாள்.

88.

இடது கோடி எட்டைக் காணவில்லை.

பெட்டியில் அடுக்கியிருந்தவற்றில் பத்தை எடுத்து வைத்துப் பார்த்தாள். மூன்றில் அதே கதை. சூட்டோடு வெளியே வரும்போது மூன்று எட்டுகளும் பளிச்சென்று தெரிகின்றன. ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்கி, இடது ஓரத்து மெல்லிய இணைப்பை இழுத்து விலக்கிவிடுகிறது. முந்நூற்று எண்பது சர்க்கரை உள்ள ஒருவர் எண்பது என்று படிப்பார். ஊசி போட வேண்டிய வேளையில் போடாமல் இருந்துவிடுவார். ஐந்து நாள் வார்த்த நாலாயிரத்து இருநூறு கூடுகளும் வாசலில் அடுக்கியிருந்தன. எல்லாவற்றின் முதுகிலும் மருமகளின் முத்திரை. நான்கு மணிக்கு வண்டி.

* 'அச்சக்கா' என்று திருத்திப் பார்த்தேன். "அப்படிக் கூப்பிட்டா நான் திரும்பிப் பார்க்க மாட்டேன் அத்தான்" என்றாள். இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

4

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின்மேல் எனக்கு ஐயம் வந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒருநாளும் சன்னலோரத்து உருப்படியை முள்ளில் வைத்துப் பார்க்காதவள், அன்று மட்டும் ஏன் வைத்தாள்? அதுவும் மருமகள் இல்லாத நேரம் பார்த்து? முதல் தொடக்கம் பிறந்தது இப்படித்தான். அதை அவளிடமே படித்துக் காட்டினேன்.

"அத்தான், நான் கொடுமைக்காரியா?"

"கதைக்காக..."

"உங்க கதைக்கு நான் ஏன் கொடுமைக்காரி ஆகணும்? வேணும்னா உங்கள வச்சு எழுதிக்குங்க. உங்ககிட்ட படிச்ச பிள்ளைங்க நாலு பேரக் கேட்டா நிறைய விவரம் கிடைக்கும்."

உள்ளேயிருந்து என் மனைவி சிரிக்கும் ஒலி கேட்டது. நான் விடவில்லை.

"அப்ப எதுக்கு அவ மேசைக்குப் போன?"

"சும்மா."

"சும்மான்னு யாராவது கதையில எழுதுவாங்களா?"

புடவை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "சரி. அவ ஒழுங்காப் பார்க்கிறாளா, கண்ண மூடிக்கிட்டு முத்திரை குத்துறாளான்னு பார்க்கத்தான் போனேன். ஒரு தப்பாவது கிடைக்காதான்னு இருந்துச்சு. போதுமா? கிடைச்சதும் சுவத்துத் தாளப் போய்ப் படிச்சேன் அத்தான். அவ எல்லாம் ஒழுங்காத்தான் பார்த்திருக்கா. சுவத்துல என்ன ஒட்டியிருந்துச்சோ அதைத்தான் பண்ணியிருக்கா."

(இந்த ஒப்புதலைக் கதையில் சேர்க்கலாமா என்று கேட்டேன். "மொதல்ல நான் அழுததா எழுதினத எடுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றாள். எடுத்துவிட்டேன். அவள் அழவில்லை.)

5

மருமகள் கை துடைத்துக்கொண்டே வந்தபோது, மேசைக்கு அருகில் மாமியார் நிற்பதைப் பார்த்தாள். பார்வையைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இத வச்சுப் பாரு."

மூன்று வாரத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. மருமகள் முட்களில் வைத்தாள், பார்த்தாள், எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள்.

"இது எப்ப வந்தது?"

"காலையில. மொத பீஸு."

"நான் பார்க்கறப்ப மூணு எட்டும் இருந்துச்சு அத்தை. சத்தியமா இருந்துச்சு."

"இருந்திருக்கும். ஆறினா போயிடுது. பத்து எடுத்துப் பார்த்தேன், மூணு போச்சு."

மருமகள் வாசல் பக்கம் திரும்பிப் பெட்டிகளைப் பார்த்தாள். "எல்லாத்துலயும் என் முத்திரை."

"தெரியும்."

"போய்ச் சொல்லப் போறீங்களா?"

"நான் போய்ச் சொன்னா ஊரு என்ன பேசும்? மருமக தனியாப் போறேன்னா, இவ வேலைக்கே வேட்டு வச்சுட்டான்னு பேசும். எம் பையன் என் மூஞ்சியில முழிப்பானா?"

"நான் போய்ச் சொன்னா? ஒம்பது நாள் இருக்கு அத்தை."

"எனக்கு மட்டும் தெரியாதா?"

சுவர்க்கடிகாரத்தில் மணி மூன்று பத்து. மேற்பார்வையாளரின் அறை அங்கிருந்து பதினைந்து அடி. இயந்திரம் அடுத்த திரைக்காக வாயைத் திறந்துகொண்டு நின்றது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

சற்று நேரத்தில் மேற்பார்வையாளரின் கதவு தட்டப்பட்டது.

6

இதற்குப் பிறகு நடந்தவற்றில் எனக்குக் குழப்பம் இல்லை. வண்டி வெறுமையாகத் திரும்பியது. நாலாயிரத்து இருநூறு கூடுகளில் ஒன்றைக்கூடத் திறந்து சரிசெய்ய முடியவில்லை. திரையும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகிவிட்ட பொருளை உடைக்கலாமே தவிரப் பிரிக்க முடியாது. எல்லாவற்றையும் அரைத்தார்கள். மருமகளைப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். நிரந்தரம் இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போனது. அந்த விதியை எழுதிய மேற்பார்வையாளருக்கு ஒன்றும் நேரவில்லை. 'ஒரு மணி நேரம் ஆறவைத்த பின் சோதிக்கவும்' என்று புதிதாக எழுதி, பழைய தாளின்மேலேயே ஒட்டினார்.

கதவைத் தட்டியது யார் என்பதில்தான் எனக்குத் தகராறு. இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முடிவு ஒன்று: மோல்டக்கா இயந்திரத்தை நிறுத்தினாள். ஊர் பேசுவதைப் பேசிக்கொள்ளட்டும் என்று பதினைந்து அடியையும் நடந்து கதவைத் தட்டினாள். "சார், வண்டிய நிறுத்துங்க. தப்பு மோல்டுல இருக்கு, அந்தப் பொண்ணுகிட்ட இல்ல" என்றாள்.

முடிவு இரண்டு: மருமகள் முத்திரையை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். பதினைந்து அடியையும் நடந்து கதவைத் தட்டினாள். "சார், நான் முத்திரை குத்தினது எல்லாத்தையும் திருப்பிப் பார்க்கணும்" என்றாள்.

7

மகனும் மருமகளும் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். இரண்டு தெரு தள்ளி. சென்ற ஞாயிற்றுக்கிழமை மோல்டக்காவையும் மருமகளையும் வரவழைத்து, கதையின் நகலை ஆளுக்கொன்று கொடுத்தேன்.

"பெரியப்பா, ரெண்டாவது தப்பு" என்றாள் மருமகள். "நான் போகல. அத்தைதான் போனாங்க."

"யாரு, நானா? மிஷின விட்டு நான் நகரவே இல்ல. இவதான் போனா."

"பொய் சொல்லாதீங்க அத்தை."

"நீ சொல்லாதடி. அத்தான், மொத முடிவ எடுத்துடுங்க. நான் பெரிய தியாகி மாதிரி இருக்கு."

"அப்ப என்னைய மட்டும் தியாகி ஆக்கலாமா?"

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "டீ போடவா, இல்ல பஞ்சாயத்துக்கு ஆள் கூப்பிடவா?"

மேற்பார்வையாளரைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். தொலைபேசியில் கேட்டேன். "அதக் கண்டுபிடிச்சதே நான்தான் சார்" என்றார்.

இருவரும் என் சிவப்பு மைப் பேனாக்களை எடுத்துக்கொண்டார்கள். மோல்டக்கா முதல் முடிவைக் குறுக்கே அடித்தாள். மருமகள் இரண்டாவதை அடித்தாள். அடித்துவிட்டு, ஒருத்தி தாளை மற்றவள் வாங்கி, சரியாக அடித்திருக்கிறாளா என்று பார்த்தார்கள். பிறகு பேருந்துக்கு நேரமாகிறது என்று சேர்ந்து எழுந்து போனார்கள்.

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. வண்டி வெறுமையாகத் திரும்பியது உண்மை. அந்தப் பதினைந்து அடியை யாரோ நடந்ததும் உண்மை. யார் என்பதை நீங்கள் எழுதுங்கள். எழுதி அனுப்பினால் இருவரிடமும் காட்டுகிறேன். அடிக்காமல் திருப்பித் தருவார்கள் என்று மட்டும் என்னால் உறுதி கூற இயலாது.