மூன்றாவது வரிசைப் பையன்

மார்ஷ்டன் ஊரில் முடி வெட்டிக்கொள்ள வேண்டுமானால் ஒரு பேஸ்பால் ஆட்டத்தையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும். ஆர்லன் ப்ரூசெக்கின் சலூனில் அது இலவசம். வேண்டாம் என்றாலும் விடமாட்டார். கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டிவிட்டு, கையில் கத்தரியோடு ஒருவர் கதை சொல்லும்போது பாதியில் எழுந்து போகும் துணிச்சல் அயோவா மாநிலத்தில் இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

கதை இதுதான். 1974, ஆகஸ்ட் மாதம். ஆர்லனுக்கு ஒன்பது வயது. உள்ளூர் அணியான நாரைகள் ஏழாவது இன்னிங்ஸ் முடிந்தபோது எட்டுக்கு ஒன்று என்று மண்ணைக் கவ்விக் கிடந்தது. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் எங்கிருந்தோ உயிர் வந்து நான்கு ரன் எடுத்தார்கள். இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவன் போனால் ஆட்டம் முடிந்தது. மூன்று தளங்களிலும் ஆள் நிற்க, டெல்மர் ஹாக்கெட் என்ற ஒல்லிப்பிச்சான் மட்டையைச் சுழற்றினான். பந்து வேலியைத் தாண்டி, அதற்கும் பின்னால் இருந்த தீவனக் கிடங்கின் தகரக் கூரையில் போய் விழுந்தது. தளங்களில் நின்ற மூவரும் அடித்தவனும் ஓடி முடிக்க, ஒரே அடியில் நான்கு ரன். ஒன்பதுக்கு எட்டு.

அதோடு முடிந்தால் அது செய்தி. ஆர்லனின் கதையில் ஹாக்கெட் மூன்றாவது தளத்தைத் தொட்டுத் திரும்பும்போது, மூன்றாவது வரிசையில் சிவப்புத் தொப்பி போட்டு நின்ற ஒரு பையனைப் பார்த்துக் கண்ணடித்தான். அந்தப் பையன் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. இந்த இடம் வந்ததும் ஆர்லன் கத்தரியை நிறுத்தி, கண்ணாடி வழியாக வாடிக்கையாளரைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டுவார்.

இதில் கண்ணடித்ததைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. ஆர்லன் அங்கே இருந்தார் என்பதையும் தவிர.

ஏழாவது இன்னிங்ஸ் முடிந்ததுமே அவருடைய அப்பா எமில் பிள்ளைகள் இருவரையும் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். எமில் ஓட்ஸ் ஆலையில் மேஸ்திரி. பந்திக்கு முந்துகிறவர்கள் உண்டு. எமில் பந்தியிலிருந்து எழுவதில் முந்துகிறவர். தேவாலயத்தில் கடைசிப் பாட்டுக்கு முன் எழுந்துவிடுவார். கல்யாணங்களில் கேக் வெட்டுவதற்குள் கோட்டை மாட்டிவிடுவார். காரை எங்கே நிறுத்தினாலும் மூக்கு வெளிவாசலைப் பார்த்திருக்கும். கார்கள் வரிசை கட்டி நிற்பதைப் போல அவரை அச்சுறுத்திய விஷயம் உலகத்தில் வேறில்லை. அறுபத்தோராவது வயதில், கூட்டம் சேர்வதற்குள், உலகத்தை விட்டும் கிளம்பிவிட்டார்.

அந்த ஆட்டத்துக்கு இப்போது ஐம்பதாவது ஆண்டு. நாரைகள் அணி அதைக் கொண்டாடுகிறது. சனிக்கிழமை மத்தியானம், அன்றைய ஆட்டம் தொடங்குமுன், மைதானத்தின் நடுவில் மைக் வைத்து அந்தக் கதையைச் சொல்ல ஊரிலேயே பொருத்தமான ஆளை அழைத்திருந்தார்கள். ஆர்லனுக்கு உதறல் எதுவும் இல்லை. நாற்பது வருஷமாகத் தினம் ஆறு தலைக்கு ஒத்திகை பார்த்த கதை. உதறலெல்லாம் அவருடைய அக்கா வெர்லீன் அரிசோனாவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கிய பிறகுதான்.

தின்பண்டக் கடைக்குப் பக்கத்தில், ஹாட் டாக் ரொட்டியோடு நின்றவரை, வேர்க்கடலைப் பொட்டலமும் கையுமாக அவள் பிடித்துவிட்டாள்.

"மைக்ல பேசப்போறியாமே."

"கூப்பிட்டாங்க அக்கா. மாட்டேன்னா நல்லாவா இருக்கும்."

"ஆமா, உன்னைக் கட்டி இழுத்துட்டு வந்திருப்பாங்க." அவள் ஒரு கடலையை உடைத்தாள். "பயப்படாத. நான் வாயைத் திறக்கமாட்டேன். அம்பது வருஷம் திறக்கல, இன்னிக்கா திறக்கப்போறேன்."

"அப்புறம் ஏன் இப்படிப் பாக்குற?"

"அந்தக் கதையில அப்பா எங்கடா இருக்கார்?"

"என் பக்கத்துல. உக்காந்திருக்கார்."

"அதான் சொல்றேன். பூசணிக்காய் மாதிரி பக்கத்துல உக்காந்திருக்கார். பல்லைக்கூடக் காட்டல. அன்னிக்கு நிஜமா அப்பா என்ன பண்ணினார்னு ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருக்கியா? உன் பொண்டாட்டிகிட்ட?"

ஆர்லன் ஹாட் டாக்கைக் கடித்தார். வாய் நிறைய இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது சலூனில் அவர் கற்றுக்கொண்டதல்ல, பிறவிக் குணம்.

அந்த நேரம் பார்த்து அணி அலுவலகத்துப் பெண் டாரா, ஒரு முதியவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். எழுபத்தைந்து வயது இருக்கும். இன்னும் ஒல்லிதான். வெயிலில் காய்ந்த கழுத்து. டெல்மர் ஹாக்கெட்.

நாரைகளை விட்டு மேலே எந்தப் பெரிய அணிக்கும் போகாமல், மூன்று வருஷத்தில் ஆட்டத்தை விட்டு, ஓக்லஹோமாவில் கூரை வேய்கிற வேலைக்குப் போய்விட்டவர். இரண்டு நாள் தானே கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆர்லனின் கையைப் பிடித்தவர் விடவில்லை.

"நீதானா தம்பி அது."

"எது சார்?"

"மூணாவது வரிசை. சிவப்புத் தொப்பி. இருபது வருஷம் முன்னாடி இந்த ஊர்ப் பேப்பர்ல நீ சொன்னது வந்திருந்துச்சு. என் தங்கச்சி வெட்டி அனுப்பினா. படிச்ச உடனே எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. பந்து போன திசைகூட எனக்கு மறந்துபோச்சு, ஆனா உன் மூஞ்சி மறக்கல."

ஆர்லனுக்கு வாயில் இருந்த ரொட்டி திடீரென்று பெரிதாகிவிட்டது.

"பக்கத்துல உங்கப்பாதானே?" என்றார் ஹாக்கெட். "நல்ல வாட்டசாட்டமான ஆளு. உன்னைத் தோள்ல தூக்கி வச்சிருந்தார். கத்திக்கிட்டே இருந்தார், இல்ல? வேலைக்குப் போற இடத்துல எல்லாம் சொல்லுவேன். வாழ்க்கையில ஒரு தடவை ஒரு அப்பனையும் புள்ளையையும் அப்படிச் சந்தோஷப்படுத்தியிருக்கேன்னு."

வெர்லீன் கடலை உடைப்பதை நிறுத்தியிருந்தாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். ஆர்லன் அதைவிடச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் பெரிய பொய்கள் சொன்னவர். கிழவர் நிம்மதியாக ஓக்லஹோமா திரும்புவார், ஊர் கை தட்டும், யாருக்கு நஷ்டம்? ஆனால் தோளில் தூக்கிக்கொண்டு கத்துகிற அந்த வாட்டசாட்டமான ஆள் யாரென்றே ஆர்லனுக்குத் தெரியவில்லை. எமில் அவ்வளவு உயரமும் இல்லை. ஒரு சின்னப் பொய் தன் அப்பாவை வீட்டை விட்டு வெளியேற்றி, அவர் நாற்காலியில் வேறு எவனையோ கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டது போல அவருக்குத் தோன்றியது.

"நேரமாச்சு, வாங்க சார்," என்றாள் டாரா.

மைதானத்தின் நடுவில் நின்றபோது நான்காயிரம் பேர் கை தட்டினார்கள். பாதிப் பேரின் தலையை ஆர்லனுக்கு அங்கிருந்தே அடையாளம் தெரிந்தது; எல்லாம் அவர் கைவேலை. ஹாக்கெட் ஒரு மடக்கு நாற்காலியில் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். ஆர்லன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும்," என்று ஆரம்பித்தார். "நான் இங்க இருந்தேன்னு சொல்லுவேன். நான் இல்ல. ஏழாவது இன்னிங்ஸ் முடிஞ்சதும் எங்கப்பா கிளப்பிட்டார். கார் நெரிசலுக்குப் பயந்து."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. வழக்கமான வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள்.

"சிரிக்காதீங்க, நிஜமாத்தான். வெளிய வந்தா ரோடு காலி. அப்பாவுக்கு ஒரே பெருமை. பாத்தியா, ஒரு கார் இல்லன்னு. ரேடியோவைப் போட்டார். நாலு ரன் வந்துச்சு. அவர் ஒண்ணும் பேசல. கார் மட்டும் மெதுவாச்சு. மூணு தளத்துலயும் ஆள் நிக்குறாங்கன்னதும் ஒரு டயர் கடை முன்னாடி ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திட்டார். அவர் வீடு போய்ச் சேராம நடுவழியில காரை நிறுத்தி நான் பாத்ததே இல்ல. ஹாக்கெட் சார் அடிச்சாரு. அப்பா இறங்கினார். கதவைத் திறந்து வச்சு, ரேடியோவைக் காது கிழிய வச்சு, எங்க அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டு போல்கா டான்ஸ் ஆடினார். அவர் கல்யாணத்துலயே ஆடாத ஆளுன்னு அம்மா சொல்லுவா. ரோட்டுல, ஆலை பூட்ஸோட, டயர் அடுக்கைச் சுத்திச் சுத்தி. நான் கார் மூக்குல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"ஆடி முடிக்கறதுக்குள்ள மைதானத்துக் கூட்டம் மொத்தமும் வந்து எங்களை அடைச்சிடுச்சு. முக்கால் மணி நேரம் அசையல. அவர் வாழ்க்கையில சிக்கின ஒரே நெரிசல் அதுதான். ஹாரன் அடிக்கல, திட்டல, விசிலடிச்சுக்கிட்டு இருந்தார். வீடு வந்தப்போதான் சொன்னார், ஆலையில கூட வேலை பாக்குற மாமாகிட்ட கடைசிவரைக்கும் இருந்தோம்னு சொல்லுங்கடா, இல்லன்னா கிண்டல் பண்ணியே என்னை உயிரோட விடமாட்டான்னு. நான் சொன்னேன். அன்னிலேருந்து சொல்லிக்கிட்டே இருக்கேன்."

மூச்சு வாங்கிக்கொண்டு, கடைசியாக நாற்காலிப் பக்கம் திரும்பினார். கிழவரின் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. கைகள் முழங்கால்மேல் சும்மா கிடந்தன.

ஆர்லன் மறுபடி மைக்கைப் பிடித்தார். "ஆனா ஹாக்கெட் சார் ஒரு பையனைப் பாத்துக் கண்ணடிச்சார். மூணாவது வரிசை, சிவப்புத் தொப்பி. அது நடந்தது. அவன் நான் இல்ல, அவ்வளவுதான். அம்பது வருஷமா அவன் இடத்துல நான் உக்காந்திருக்கேன். அவன் இங்க இருந்தா எழுந்து நிக்கட்டும்."

ஒரு பொய்யை இறக்கி வைக்க இன்னொரு பொய்யின் தோள் வேண்டியிருந்தது. பழக்கம் ஒரே நாளில் போய்விடுமா என்ன.

யாரும் அசையவில்லை. ஆர்லனின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பிறகு இடது பக்கத்தில் ஒரு வழுக்கைத் தலை மெல்ல எழுந்தது. விதைக் கடைக்காரர். அவருக்கு நாலு இருக்கை தள்ளி இன்னொருவர். மேலே தபால்காரர். பிறகு ஒரு பெண்மணி எழுந்து, "அப்ப எனக்கு முடி குட்டை, பையன் மாதிரிதான் இருப்பேன்," என்று பக்கத்திலிருந்தவளிடம் உரக்கச் சொன்னாள். மொத்தம் பதினொரு பேர். அதில் ஒருவனுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. 1974இல் அவன் பிறப்பதற்கே இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தது. அவனும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

ஹாக்கெட் நாற்காலியிலிருந்து எழுந்தார். கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்தார். பிறகு வேலி ஓரத்துக்கு நடந்துபோய் அவர்களை ஒவ்வொருவராக இறங்கி வரச் சொன்னார். வந்தவர்களின் முகத்தை உற்றுப் பார்த்து, "ஆமா, நீதான்," என்று கை குலுக்கினார். அடுத்தவரிடமும் அதையே சொன்னார். குட்டை முடிக்காரியிடம், "உன்னைப் பாத்துத்தான் முதல்ல கண்ணடிச்சேன்," என்றார்.

ஆர்லன் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

"நீ எங்கடா போற?" வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெர்லீன் கேட்டாள். அவள் கண் சிவந்திருந்தது. கேட்டால் கடலை உப்பு என்பாள்.

"கை குலுக்கப் போறேன். நான் அவரைப் பாத்ததே இல்லையே."

பதினொரு பேருக்குப் பிறகு அவர் முறை வந்தது. ஹாக்கெட் கை நீட்டவில்லை.

"டயர் கடை முன்னாடி."

"ஆமா சார். மன்னிச்சிடுங்க."

"எஞ்சினை நிறுத்திட்டுக் கேட்டீங்க."

"ஆமா சார்."

"ரேடியோவுல எப்படி இருந்துச்சு?" கிழவரின் குரல் இறங்கியது. "நான் கேட்டதே இல்ல, தம்பி. நான் ஓடிட்டு இருந்தேன். காதுல என் மூச்சுதான் கேட்டுச்சு. அப்ப யாரும் அதையெல்லாம் பதிவு பண்ணி வைக்கல."

ஆர்லனின் நாக்கு நுனிக்கு நாற்பது வருஷப் பழக்கம் ஓடி வந்தது. அறிவிப்பாளர் அழுதார் என்று சொல்லலாம். தேவாலய மணி அடித்தது என்று சொல்லலாம். அவர் அதையெல்லாம் மென்று விழுங்கினார்.

"மட்டையில பந்து பட்ட சத்தம் கேட்டுச்சு சார். காஞ்ச விறகை உடைக்கிற மாதிரி. அப்புறம் அறிவிப்பாளர் ஒண்ணுமே சொல்லல. ஏதோ நாற்காலி விழுந்துச்சு. அவர் எழுந்திருச்சிருப்பார்னு நினைக்கிறேன், தெரியல. ரொம்ப நேரம் கூட்டத்துச் சத்தம் மட்டும்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் அவர் உங்க பேரைச் சொன்னார்."

"எப்படிச் சொன்னார்?"

மைதானத்தில் ஆட்டக்காரர்கள் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். டாரா கையைக் கையை அசைத்தாள். ஆர்லன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பெயரை, கேட்டது கேட்டபடி, ஒரு பிசிறும் கூட்டாமல் சொன்னார்.