கறுப்புக் கழுத்து

மர்ஸூக்கின் கடையில் தயாபரன் "நமக்கு" என்று சொன்னானா, "உங்களுக்கு" என்று சொன்னானா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. அன்று மழை பெய்ததா என்பதும் அப்படித்தான். என் மனைவி ஜீவராணியிடம் கேட்டால் பெய்தது என்கிறாள். நான் நனைந்து வந்ததாகவும் சட்டையை அடுப்புக்கு மேலே காயப்போட்டதாகவும் சொல்கிறாள். எனக்கு நினைவிருப்பது பனிமூட்டம் மட்டும். மழையை மறந்தவன் ஒரு சொல்லை மட்டும் எப்படிப் பத்திரமாக வைத்திருக்க முடியும். இருந்தாலும் அந்தச் சொல்லைத்தான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

தயாபரன் ஜீவராணியின் தம்பி, என் மச்சினன். கொஸ்லந்தையிலிருந்து மேலே ஏறும் பாதையோரம் தகரக் கூரை போட்ட ஒரு கராஜை நானும் அவனும் சேர்ந்து நடத்தினோம். தோட்டத்து டிரக்டர், த்ரீவீல், எல்லவுக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றிப்போகும் வேன் என்று எது வந்து நின்றாலும் பார்ப்போம். எனக்கு வலது மணிக்கட்டு சரியில்லை. முன்பு ஒரு லொறிக்கு அடியில் ஜக்கு சரிந்து முறிந்த எலும்பு, கோணலாகவே கூடிவிட்டது. இறுகிப்போன போல்ட் எதையும் நான் கழற்றுவதில்லை. அவன் கழற்றுவான். நான் சத்தத்தைக் கேட்டுக் கோளாறைச் சொல்வேன், சின்ன வேலைகளைப் பார்ப்பேன். அவன் போய்விட்டால் கராஜ் இல்லை. இதை இருவரும் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னது கிடையாது.

அந்த மாதம் அவன் இரண்டு தடவை தனியாகப் பதுளைக்குப் போய் வந்தான். எதற்கென்று சொல்லவில்லை. ஜீவராணி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறாள். அங்கே குழந்தையை விட வருகிற ஒருத்தி வழியாகச் செய்தி வந்தது. தயாபரனின் மனைவி நிஷாந்தினி, பாஸ்போட் படம் எங்கே நல்லா எடுப்பாங்க என்று விசாரித்தாளாம்.

"நீங்க அவன்கிட்ட கேளுங்களேன்" என்றாள் ஜீவராணி.

"நீதானே அக்கா. நீ கேளு."

"எனக்குப் பயமா இருக்கு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. கேட்டால் பதில் வந்துவிடும். கேட்காத வரைக்கும் காலையில் அவன் தகரக் கதவைத் தூக்குவான், நான் தேத்தண்ணி ஊற்றுவேன், நாள் ஓடும்.

எல்லவுக்கு ஆள் ஏற்றிப்போகும் துஷாந்தின் வேன் அப்போதுதான் வந்தது. கிளட்ச் போய்விட்டது, கியர்பொக்ஸை இறக்க வேண்டும். அந்த வேனில் கியர்பொக்ஸின் உச்சியில் இருக்கும் ஒரு போல்ட்டுக்குக் கை நேராகப் போகாது. அதற்கென்று, போல்ட் கழற்றுகிற சொக்கட் செட்டில் ஒரு சின்ன உருப்படி உண்டு. நீட்டுக் கம்பிக்கும் சொக்கட்டுக்கும் நடுவில் மாட்டினால், வளைந்து கொடுத்தபடியே சுற்றும். பெட்டியில் அதன் பெயர் யுனிவர்சல் ஜொயின்ட். எங்கள் கராஜில் கழுத்து.

தயாபரன் வேனுக்கு அடியில் படுத்து இழுத்தான். போல்ட் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தான். சொடக்கு எடுத்தது போல ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அவன் வெளியே வந்தபோது விரல் மூட்டுகளில் தோல் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. உள்ளங்கையில் கழுத்து இரண்டு துண்டாகக் கிடந்தது. நடுவில் இருக்கிற ஊசி அறுந்திருந்தது.

"ஒரு கழுத்து ஒடஞ்சதுக்கு ரெண்டு டாக்டரும் இப்பிடிப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க" என்றான் துஷாந்த். "எல்லவுல எனக்கு ஆளுங்க நிக்கிறாங்கண்ணே. பொணத்த எடுக்கவாவது நாள் சொல்லுங்க."

தயாபரன் சிரிக்கவில்லை. துண்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "என் கையா இருந்ததால தோலோட போச்சு மச்சான்" என்றான். "உங்க கையா இருந்தா மணிக்கட்டு திரும்பப் போயிருக்கும்."

என் கை அங்கே போகவே போகாதே என்று நினைத்தேன்.

மறுநாள் புதுக் கழுத்து வாங்க பஸ் ஏறினோம். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். மீரியபெத்தவுக்குத் திரும்பும் இடம் வந்ததும் வழக்கம்போல முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டான். அவனும் ஜீவராணியும் பிறந்த லயம் மண்சரிவில் புதைந்து அங்கே மண்ணுக்குள் இருக்கிறது. பெற்றவர்கள் அதற்கு முன்பே போய்விட்டார்கள். அதை ஒரு நல்ல காரியம் போல ஜீவராணி சொல்வாள். அப்புத்தளை வரைக்கும் நாங்கள் பேசவில்லை. எங்களுக்குள் பேசாமல் இருப்பது புதிதில்லை, ஒரு எஞ்சினை முழுவதும் கழற்றி மாட்டும் வரை ஒரு சொல் இல்லாமல் இருந்திருக்கிறோம். ஆனால் அது வேறு மௌனம். இதில் ஏதோ ஒன்று எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சீட்டில் உட்கார்ந்து வந்தது.

பண்டாரவளையில் விசாரித்த கடையில் தனிக் கழுத்து இல்லை, முழு செட்டாகத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். பதுளைக்குப் போனோம். பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் மர்ஸூக்கின் கடை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே தேடுகிற மனிதர்.

"யுனிவர்சல் ஜொயின்ட் ஒன்னு" என்றேன்.

அவர் உள்ளே போய், லொறிச் சாப்டுக்குப் போடுகிற குறுக்கு இரும்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "என்ன வண்டி? சைஸ் சரியான்னு பாருங்க."

"இது இல்லங்க. சொக்கட் செட்டுல வர்றது."

"யுனிவர்சல் ஜொயின்ட்னா ஊரெல்லாம் இதத்தான் கேக்கும்."

தயாபரன் கையை நீட்டி மணிக்கட்டை வளைத்துச் சுற்றிக் காட்டினான். "கழுத்து முதலாளி, கழுத்து."

"கழுத்தா? ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் தம்பி." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஒரு பெட்டியை இறக்கி இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பளபளவென்று முகம் பார்க்கிற வெள்ளை. மற்றது கறுப்பு, தடிப்பாக, எண்ணெய் பிசுக்கோடு இருந்தது.

"வெள்ள லேசு. நல்லா வளையும். ஆனா சுத்தியலால தட்டினாலோ கண்டபடி இழுத்தாலோ பட்டுனு போயிரும். கறுப்பு காத்து மெசினுக்குப் போடுறது, அடி தாங்கும். வளையறது கொறவு." கண்ணாடியைத் தடவித் தேடிக் கண்டுபிடித்து மூக்கில் இறக்கினார். "இப்ப கையில இருக்கிற வேலைக்கு மட்டுமா, இல்ல நெடுக வச்சிருக்கவா?"

சாதாரணமாகக் கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். ஒரு மாதமாக வீட்டிலும் கராஜிலும் கேட்க முடியாததை, ஊர் பேர் தெரியாத ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டார். வெள்ளையைக் கையில் எடுத்தேன்.

"இந்த வேலைக்கு இது போதாதா?" என்றேன் தயாபரனைப் பார்த்து. போதும் என்றால் அவன் போகிறான். என் கணக்கு அவ்வளவுதான்.

அவன் வெள்ளையை என்னிடமிருந்து வாங்கி, வளைத்துப் பிடித்து மெதுவாகச் சுற்றினான். ஊசி முனைகளை நகத்தால் தடவினான். "ஊசி பேருக்கு நிக்கிது" என்று வைத்துவிட்டான். கறுப்பை எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். போல்ட்டுக்கு மேலே இருக்கும் இடைவெளியை முந்தின நாளே கட்டைவிரலால் அளந்து வைத்திருந்தான் போலிருக்கிறது. கறுப்பின் தடிப்பைக் கட்டைவிரலோடு ஒட்டிப் பார்த்துத் தலையசைத்தான். பிறகு கடையிலிருந்த ஒரு ரெட்சட் கைப்பிடியை எடுத்து அதில் மாட்டி என்னிடம் நீட்டினான்.

"இடது கையால பிடிச்சுச் சுத்திப் பாருங்க மச்சான்."

"ஏன், இடது கையால?"

"சும்மா பாருங்களேன்."

சுற்றினேன். அவன் மறுமுனையை விரல்களால் இறுக்கிப் பிடித்திருந்தான், உரிந்த விரல் மூட்டுகளோடு. கழுத்து துள்ளவில்லை, ஒரே சீராகச் சுற்றியது.

"கறுப்பையே குடுங்க முதலாளி" என்றான். "இது பத்து வருசம் வரும்."

இதற்குப் பிறகுதான் அந்தச் சொல். நமக்கு என்றான். அல்லது உங்களுக்கு என்றான். என் காதில் விழுந்தது நமக்கு. இன்றைக்குச் சத்தியம் கேட்டால் செய்ய மாட்டேன்.

அன்றைக்கு எனக்குச் சந்தேகமே வரவில்லை. பத்து வருஷத்துக்கு இரும்பு வாங்குகிறவன் எங்கே போய்விடப் போகிறான். பஸ் நிலையத்துக்கு எதிரே ரொட்டியும் பிளேன்டியும் சாப்பிட்டோம். திரும்பும் வழியில் நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். எனக்கே என் குரல் வேற்றாளுடையது போலிருந்தது. கூரையில் முன்பக்கம் இன்னும் இரண்டு தகரம் நீட்டினால் மழைக்கு வேனை முழுதாக உள்ளே விடலாம் என்றேன். அவன் "ம்" என்றான். பிள்ளைகள் படித்து முடித்ததும் கராஜை மேல் ரோட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றேன். அதற்கும் "ம்". பிறகு தூங்கிவிட்டான், அல்லது கண்ணை மூடிக்கொண்டான்.

கராஜில் துஷாந்த் வேன் சீட்டிலேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். தயாபரன் கறுப்புக் கழுத்தை மாட்டி ரெட்சட் கைப்பிடியை என்னிடம் கொடுத்தான்.

"நீங்க போங்க மச்சான் அடியில."

"நானா?"

"ரொம்ப வளைக்காதீங்க. கம்பிய நேரா விட்டு, முடிஞ்ச மட்டும் கொறச்சு வளைங்க. இழுக்காதீங்க, ஒடம்ப சாய்ங்க. பாரம் இழுக்கும்."

அவன் லைட்டைப் பிடித்தான். நான் படுத்து, இடது கையால் பிடித்து, உடம்பைச் சாய்த்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு போல்ட் முனகிக்கொண்டு இளகியது. பல வருஷத்துக்குப் பிறகு நான் கழற்றிய இறுகின போல்ட் அது. வெளியே வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றது.

"விசா வந்துருச்சு மச்சான்" என்றான்.

வேனில் குறட்டைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் போல்ட்டைத் துணியால் துடைத்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன்.

"எங்க?"

"கட்டார். பஸ் டிப்போ ஒன்னு."

"அப்புறம் எதுக்கு அத வாங்கின?"

"நான் இருந்தா வெள்ளையே போதும்னு விட்ருப்பேன். ஒடஞ்சா ஒடயட்டும், இன்னொன்னு வாங்கிக்கலாம்." அவன் லைட்டை அணைத்தான். "நீங்க தனியாவுல்ல கெடக்கணும்."

போகாதே என்று சொல்லியிருக்கலாம். நிஷாந்தினியின் முகமும், சுவரில் வெடிப்பு விட்ட அவர்கள் வீடும் நினைவுக்கு வந்தன. களைப்பாக இருந்தது. "அக்காகிட்ட நீயே சொல்லு" என்றேன். "சொல்றேன்" என்றான். அன்றைக்கு அவ்வளவுதான் பேசினோம்.

அவன் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. ஒரு முறை போனில், கடையில் சொன்ன அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டேன். "எந்தக் கடை?" என்றான்.

தயாபரன் இன்னும் கட்டாரில் அதே டிப்போவில் இருக்கிறான். ஒரு தடவை வந்து போனான், உடம்பு பெருத்திருந்தது. நிஷாந்தினி பிள்ளைகளின் படிப்புக்காகப் பண்டாரவளையில் வாடகைக்கு இருக்கிறாள். துஷாந்த் வேனை விற்றுவிட்டு எல்லவில் த்ரீவீல் ஓட்டுகிறான். மர்ஸூக்கின் கடை அதே இடத்தில் இருக்கிறது. ஜீவராணி பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறாள், முழங்கால் வலி. நான் கராஜைத் திறக்கிறேன், வேன் எடுப்பதில்லை. த்ரீவீலும் மோட்டார் சைக்கிளும் பார்க்கிறேன். அவற்றுக்குக் கழுத்து அதிகம் தேவைப்படுவதில்லை. அந்தக் கறுப்பு இன்னும் உடையவில்லை.