விரல் இழந்த கை

"குட்டி, உள்ளே போனதும் நீ வாயைத் திறக்கக் கூடாது. பேசுறதெல்லாம் நான்" என்றான் அண்ணன், காரை விட்டு இறங்கும்போதே.

தங்கை தலையாட்டினாள். தகடு வெட்டும் பிரஸ்ஸில் கை வந்தால் கேமரா பார்த்து மெஷினை நிறுத்திவிடும். இருவரும் சேர்ந்து உருவாக்கிய மென்பொருள் அது; அதை விற்கத்தான் இந்தத் தொழிற்சாலைக்கு வந்திருந்தார்கள். ஆயிரக்கணக்கான கைப் படங்களைக் காட்டி அதைப் பழக்கியது அவள்தான். முந்தின நாள், பஞ்சடைத்த கையுறையில் இரண்டு விரலை மடக்கிவிட்டு, கேமரா முன்னால் நீட்டிப் பார்த்தாள். அதைக் கை என்று கேமரா கண்டுகொள்ளவே இல்லை.

"வித்த பிறகு சரி பண்ணிக்கலாம். இப்போ போய்க் குட்டையைக் குழப்பாதே" என்றிருந்தான் அண்ணன்.

தொழிற்சாலை முதலாளியம்மா, பிரஸ்ஸை ஓட்டும் மெஷின்காரரைப் பக்கத்தில் அழைத்தாள். "இவருக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாது. அதுக்குத்தான் இதைத் தேடுறேன்."

அவர் கூச்சத்தோடு வலக்கையைக் காட்டினார். சுண்டுவிரலும் மோதிர விரலும் இல்லை.

தங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணனைப் பார்த்தாள். அவனும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கேமராவைப் பிரஸ்ஸில் பொருத்தியதும், முதலில் அவன் தன் கையை உள்ளே நீட்டினான். திரையில் அதைச் சுற்றிப் பச்சைக் கட்டம் வந்தது; இறங்கிய பிரஸ் சட்டென்று நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"நம்ம ஆளும் ஒரு தடவை பார்த்துடட்டும்" என்றாள் முதலாளியம்மா.

அண்ணன் மறுபடி அந்தக் கையைப் பார்த்தான். "தாராளமா" என்றான்.

மெஷின்காரர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, "இதுகிட்ட ஏற்கெனவே ரெண்டு விரலைக் கொடுத்தாச்சு" என்று சிரித்தபடி நீட்டினார். பிரஸ் இறங்கத் தொடங்கியது. திரையில் கையைச் சுற்றிப் பச்சைக் கட்டம் வரவில்லை. தங்கை பாய்ந்து, பக்கவாட்டில் இருந்த சிவப்புப் பட்டனை அடித்தாள்.

பிரஸ் கைக்கு ஒரு சாண் மேலே நின்றது.

"அடேயப்பா! நின்னுடுச்சே!" முதலாளியம்மா பூரித்துப்போனாள். அவள் கண் பிரஸ்ஸின் மேலேயே இருந்ததால் பட்டனைக் கவனிக்கவில்லை.

"நிற்காம இருக்குமாங்க?" என்றான் அண்ணன்.

தங்கை பேசாமல் இருந்தால் போதும், வியாபாரம் முடிந்துவிடும். மெஷின்காரர் இன்னமும் கையை உள்ளேயே வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"அது நிறுத்தலைங்க. நான்தான் நிறுத்தினேன்" என்றாள். "கையை எடுத்துடுங்க, ஐயா."

அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "அப்போ என் கையை அது என்னன்னு நினைச்சுது?"

அவள் கேமராவைக் கழற்றத் தொடங்கினாள்.

வாசலுக்கு வந்ததும் அண்ணன் வெடித்தான். "இவ்வளவு நாள் உழைப்பை ஒரே வார்த்தையில நாசமாக்கிட்டியே!"

"நீயும் பார்த்தேண்ணா. அவர் கையைப் பார்த்துட்டுத்தான் தாராளமான்னு சொன்னே."

அவன் கார்ச் சாவியை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு தானே ஓட்டினாள்.

சில நாள் கழித்து ஒரு காலையில், அண்ணன் தங்கைக்குக் கேட்கும்படியே முதலாளியம்மாவுக்குப் போன் போட்டு, நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டான். தொழிலாளர்கள் சம்மதித்தால் அவர்கள் கைகளைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டான்.

முதலாளியம்மா மெஷின்காரரிடமே போனைக் கொடுத்தாள்.

"எடுத்துக்குங்க தம்பி" என்றார் அவர். "ஆனா படம் எடுக்கும்போது பிரஸ் ஓடக் கூடாது. அடுத்த தடவை முதல்ல கட்டையில செஞ்ச கையை வெச்சுப் பாருங்க."

"சரிங்க" என்றான் அண்ணன்.